இடது கைக்கு லீவு

இது நடந்தது. நூற்றுக்கு நூறு நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், யார் கையையும் பிடித்து நான் இழுக்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அமாவாசை, நாய் ஊளை, சுடுகாட்டுப் பாதை, கொலுசுச் சத்தம்... ஒரே சரக்கைக் காலங்காலமாகத் தூசி தட்டி விற்கிறார்கள். வாங்குகிறவனும் வாயைப் பிளந்துகொண்டு வாங்குகிறான். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 1:40-க்குத் தொடங்கி 2:38-க்கு முடிந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பெஞ்சுக்கு நேர் எதிரே பெரிய எழுத்துக் கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன். அளவு எடுக்கும்போதெல்லாம் நேரத்தோடு நோட்டில் குறிப்பது என் வழக்கம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கு நான் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஏன் சாகவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் தொழில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒற்றை அறை. இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு நிற்காமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தேன். மற்ற மெக்கானிக்குகள் செய்த வேலையைத் திறந்து பார்த்துச் சிரிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. "உங்க வாய்தான் உங்களுக்கு எமன்" என்று என் மனைவி வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். அவள் சொல்வதை நான் எந்தக் காலத்தில் கேட்டேன்?

மெக்கானிக்குகளை விட மோசம் கிட்டார்காரர்கள். ஒருவன் வந்து "சார், சத்தம் கொஞ்சம் சூடா வேணும்" என்பான். இன்னொருவன் "பழுப்பா வேணும்" என்பான். சத்தத்துக்கு ஏதடா நிறம்? மூன்று விரல் வாசிக்கத் தெரியாதவன் கூட, குறை எல்லாம் ஆம்ப்பில்தான் இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் என்று நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். கழுத்தில் ஹெட்ஃபோன். இரத்தப் பரிசோதனை செய்யும் லேப்பில் வேலை என்றாள். பெட்டியைத் தனியாகவே மாடிக்குத் தூக்கி வந்திருந்தாள், அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. பழைய வால்வு ஆம்ப். வால்வு என்றால் தெரியுமல்லவா? கண்ணாடி பல்பு மாதிரி, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கனியும். முன்பக்கத்தில் வால்யூம் திருகு ஒன்றே ஒன்று. அதன் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் போட்டு, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

கெய்ன் ஒன்று, டோன் ஒன்று, இரண்டு திருகுகள் வேண்டும் என்றாள். கெய்ன் என்றால் சத்தத்தின் முரட்டுத்தனத்தைக் கூட்டிக் குறைப்பது. டோன் என்றால் கீச்சென்று இருப்பதா, கனமாக இருப்பதா என்று வைத்துக்கொள்வது. வேலை பெரிய வேலை இல்லை. ஓட்டையைப் போட்ட ஆள் ஏன் பாதியில் ஓடிவிட்டான் என்று கேட்டேன்.

"பாதியில நின்னுடுச்சு" என்றாள். அவ்வளவுதான். 

"ஓட்டை போடத் தெரிஞ்சவனுக்கு அடைக்கத் தெரியல போல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டாள். நகைச்சுவை உணர்ச்சியே இல்லாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் கடையைத் திறந்தேன். கீழே டயர் கடை பூட்டிக் கிடந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை.

1:40. பெட்டியைத் திருப்பி வைத்தேன். பின்பக்கத் தகட்டில் நான்கு ஸ்க்ரூ. நான்கின் தலையிலும் சிவப்பாக ஒவ்வொரு சொட்டு. தொட்டுப் பார்த்தேன். நகப்பாலிஷ். ஸ்க்ரூ அசையாமல் இருக்கவும், யாராவது திறந்தால் தெரியவும் சில மெக்கானிக்குகள் இப்படி ஒரு சொட்டு வைப்பது உண்டு. நான்கும் கீறல் விழாமல், மேலே தூசி படிந்து கிடந்தன. பெரிய கஜானாவுக்கு முத்திரை வைத்த மாதிரி! கத்தியால் சுரண்டி எறிந்தேன்.

உள்ளே பார்த்ததும் சிரிப்பு வந்தது. பெரிய கண்டென்சரின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் தொங்கியது. மேலே மஞ்சள் துணிக் குழாய். சோல்டர் ஈயம் கட்டி கட்டியாக, குழந்தை சோற்றை அப்பியது போல். அது என்ன என்று எனக்குத் தெரியும். ஆம்ப்பை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நானூறு வோல்ட் வரை தேங்கி நிற்கும். ஆளைக் கொல்ல அது போதும். அதை மெல்ல வடித்துவிடத்தான் இந்த ரெசிஸ்டர். எங்கள் பேச்சில் வடிகால்.

சேஸிஸ் என்கிற உலோகச் சட்டத்தின் உள் தகட்டில் பென்சிலால் எழுதியிருந்தது. மெக்கானிக்குகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு, என்ன செய்தோம் என்று உள்ளே தேதியோடு எழுதி வைப்பார்கள். சாய்ந்த எழுத்து. 'வடிகால் போட்டிருக்கிறது. கழற்ற வேண்டாம்.' கீழே தேதி. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட் 16.

கழற்ற வேண்டாமாம். இவர் யார் எனக்குச் சொல்ல? கண்டென்சரை வடிக்க எனக்குத் தெரியாதா? அதோடு, புதிய டோன் திருகு உட்கார வேண்டிய இடத்தை அந்த மஞ்சள் துணி அடைத்துக்கொண்டிருந்தது. கட்டரை எடுத்தேன். இரண்டு வெட்டு. குப்பை டப்பாவில் போட்டேன்.

பயந்தாங்கொள்ளி வேலை.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி சொல்ல வேண்டும். வால்வு ஆம்ப் வேலையில் ஒரு விதி உண்டு. வலது கையால் வேலை செய், இடது கையைப் பாக்கெட்டில் போடு. இரண்டு கையும் பட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கும். நெஞ்சைக் கடந்தால் முடிந்தது கதை. ஒரு கை மட்டும் என்றால் விரல் சுடும், ஆள் பிழைப்பான். எல்லோருக்கும் தெரிந்த விதிதான். யாரும் கடைப்பிடிப்பதில்லை. ஒற்றைக் கையால் எவன் வேலை செய்வான்?

ஒருவர் செய்தார். ஒல்லியாக ஒரு மனுஷர். உதிரி பாகங்கள் விற்கும் கடைக்கு வருவார். பழகிப் பழகி, கடையில் நிற்கும்போது கூட இடது கை பாக்கெட்டில்தான் இருக்கும். எங்கள் வட்டாரத்தில் அவருக்கு 'ஒத்தைக்கை' என்று பெயர். ஒரு நாள் கடை நிறையக் கூட்டம். நான் சும்மா இருப்பேனா? "என்ன அண்ணே, இடது கைக்கு லீவா?" என்றேன். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ரோஷத்தில் தொழிலையே விட்டுவிட்டார் போல என்று அதையும் ஒரு ஜோக்காக்கிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

1:52. ப்ளக்கைப் பிடுங்கி மேஜை மேல், என் கண்ணுக்கு எதிரே வைத்தேன். வால்வுகளைக் கழற்றி ஒரு காலி முட்டை அட்டையில் நிறுத்தினேன். கிளிப் வயரால் கண்டென்சரை வடித்தேன். மீட்டரை மாட்டிப் பார்த்தேன். பூஜ்யம். நோட்டில் எழுதினேன். மீட்டரின் கிளிப்புகளை அப்படியே விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கெய்ன் திருகைப் பொருத்தினேன். முதல் வால்வின் சாக்கெட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே அதன் வயர்களை இழுத்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். தலையை நிமிர்த்தினேன்.

2:05. மீட்டரில் 31 வோல்ட்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பழைய கண்டென்சர் கொஞ்சத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கும், பிறகு மெல்ல விடும். இது தெரியாத கத்துக்குட்டிகள்தான் பயப்படுவார்கள். மறுபடி வடித்தேன். பூஜ்யம்.

2:09. மனைவி போனில் கூப்பிட்டாள். சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டாள். மூன்று மணிக்கு என்றேன்.

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"இருமுறாங்களே..."

கீழே டயர் கடையில் யாராவது இருப்பார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. டயர் கடை பூட்டியிருந்தது.

2:14. மீட்டரில் 90.

ஒளித்து வைத்த மிச்சம் தொண்ணூறு வராது. எனக்குத் தெரியும். மேஜை மேல் ப்ளக்கைப் பார்த்தேன். கிடந்த இடத்தில் கிடந்தது. அதன் மூன்று கால்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மீட்டரின் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புது பேட்டரி போட்டேன். 104. அலமாரியிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்தேன். 111.

இரண்டு மீட்டரும் குப்பை என்று முடிவு கட்டினேன். என் மூளையில் கோளாறு என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எப்போதுமே தோன்றாது.

வடித்தேன். கிளிப் வயரின் நுனியில் நீலமாக ஒரு பொறி வெடித்தது. 'டப்'.

பூஜ்யம்.

2:21. சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். எந்த ஜாயின்ட் லூஸ் என்று கண்டுபிடிக்க, ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்பின் உள்ளே பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு இடமாகத் தட்டுவோம். தட்டுவது ஸ்பீக்கரில் கேட்கும். அதே சத்தம். ஒரு இடத்தில் மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. அடுத்த இடத்தில் மூன்று தட்டு. அவசரமே இல்லாமல், வேலை தெரிந்த கை தட்டுகிற தட்டு.

ஆனால் கரண்ட் இல்லை.

வால்வு இல்லை.

தட்டுவதற்கும் ஆள் இல்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். இனி எப்படிக் கேட்கும் பார்க்கலாம்...

டொக்... டொக்... டொக்.

2:27. தட்டல் ஒரே இடத்தில் நின்றது. அங்கேயே திரும்பத் திரும்பத் தட்டியது. எந்த இடம் என்று காதை வைத்துக் கேட்டேன். பெரிய கண்டென்சருக்குப் பக்கம். நான் வெட்டி எறிந்த வடிகால் இருந்த இடம்.

எனக்குப் பயம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது கோபம். எவனோ என்னை வைத்து வேடிக்கை பார்க்கிறான் என்ற கோபம். "யாருடா அது?" என்று கத்தினேன். அறையில் என் குரல்தான் திரும்பி வந்தது.

பிறகு, தொண்டையைச் செருமும் சத்தம்.

பேச வந்து, வேண்டாம் என்று விட்டுவிடுகிற மனுஷனின் செருமல்.

வயர் இல்லாத ஸ்பீக்கரிலிருந்து.

2:31. முட்டை அட்டையைப் பார்த்தேன். நாலு வால்வு. எதோடும் சேராமல், அட்டைக் குழிக்குள் நிற்கிற வால்வு. மூன்றாவதின் உள்ளே... ஆரஞ்சு நிறம். கனிந்துகொண்டிருந்தது.

வெயில் பட்டு மின்னுகிறது என்று சொல்லிக்கொண்டேன். ஜன்னல் என் முதுகுப் பக்கம். வெயில் அங்கே படாது.

மீட்டரில் 238.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். புத்தி உள்ளவன் எழுந்து ஓடியிருப்பான். நான் ஓடவில்லை. ஒரு தகரப் பெட்டிக்குப் பயந்து ஓடினால் நாளைக்கு நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது? கண்டென்சரை இன்னொரு தடவை வடித்தேன். பொறி பெரிதாக வெடித்தது. பூஜ்யம் வந்ததைப் பார்த்தேன். பிறகு மீட்டரைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். எண்ணைப் பார்த்தால்தானே தொல்லை.

2:35. டோன் திருகைக் கையில் எடுத்தேன்.

தட்டல் வேகமானது. டொக்டொக்டொக்டொக்...

"தட்டு, தட்டு" என்றேன். "வேலை தெரியாதவன் தட்டிட்டேதான் இருப்பான்."

தட்டல் நின்றது.

பட்டென்று நின்றது.

அந்த மௌனம் இருக்கிறதே... காதுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி.

சேஸிஸ் அசையாமல் இருக்க இடது கையை அதன் ஓரத்தில் ஊன்றினேன். வெறும் உலோகம். வலது கை விரலால் கண்டென்சர் பக்கம் ஒரு வயரை வளைக்கப் போனேன்.

2:38.

என் இடது மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

காய்ந்த விரல்கள். நுனி எல்லாம் கெட்டித்துப் போன விரல்கள். சோல்டர் சுட்டுச் சுட்டு எங்கள் விரல் நுனி அப்படித்தான் ஆகும்.

முரட்டுத்தனம் இல்லை.

சேஸிஸிலிருந்து என் கையை எடுத்தது. கீழே கொண்டு போனது. பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டது. உள்ளே சாவிக்கொத்து குலுங்கியது. கிளிங்...

கையை உருவப் பார்த்தேன்.

முடியவில்லை. பாக்கெட்டுக்குள் என் கைக்கு மேல் இன்னொரு கை.

அதே நொடியில் வலது விரல் கண்டென்சரைத் தொட்டது.

டப்!

ஸ்டூலோடு பின்னால் போய் விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். வலது சுட்டுவிரல் நுனி கறுத்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அடித்துக்கொண்டிருந்தது, அதுதான் விஷயம். தவழ்ந்து போய் மீட்டரைத் திருப்பினேன். 412. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கத் தொடங்கியது. 390... 340... 260... தடதடவென்று இல்லை. சீராக, வடிகால் மாட்டியிருக்கிற ஆம்ப்பில் இறங்குவது போல. வடிகால் குப்பை டப்பாவில் கிடந்தது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. டயர் கடை வாசலில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழவும் அழுதேன். சாப்பிட வராததற்கு மனைவி திட்டினாள். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். அவளுக்கே அது பயமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதல் வேலையாகக் குப்பை டப்பாவைக் கவிழ்த்து அந்த ரெசிஸ்டரைத் தேடி எடுத்தேன். இருந்த இடத்திலேயே வைத்து சோல்டர் செய்தேன். டோன் திருகை இரண்டு விரல் தள்ளி வைத்தேன், இடம் தாராளமாக இருந்தது. மிச்ச வேலை முழுவதையும் ஒற்றைக் கையால் செய்தேன். இடது கை தானாகவே பாக்கெட்டுக்குப் போய்விட்டது. எந்தச் சத்தமும் இல்லை. மீட்டர் பூஜ்யத்திலிருந்து அசையவில்லை. போட்டுப் பார்த்தபோது ஆம்ப் அற்புதமாகப் பேசியது. பின் தகட்டை மூடி நான்கு ஸ்க்ரூவையும் நானே முறுக்கினேன். கடையைப் பூட்டினேன். சாவி என் ஒருவனிடம்தான் உண்டு.

செவ்வாய்க்கிழமை மாலை 5:20-க்கு அந்தப் பெண் வந்தாள். கிட்டாரும் கொண்டு வந்திருந்தாள். கெய்னைக் குறைத்து ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை, டோனைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். மூன்று விரல் வாசிக்கத் தெரியாதவள் இல்லை. வாசித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வடிகாலைப் போட்டது யார் என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அப்படி யாரும் எதுவும் போடவில்லை என்றாள். அது அவள் அப்பாவின் ஆம்ப். அவரும் மெக்கானிக்தான். மகள் வாசிக்க இரண்டு திருகு வைத்துத் தருகிறேன் என்று ஓட்டை போட்டார். வீட்டு அறையில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது ஷாக் அடித்து இறந்துபோனார். ஆறு வருஷம் ஆகிறது. ஆகஸ்ட் 14.

"மறுநாள் நான்தான் மூடினேன். இனிமே யாரும் திறக்கக் கூடாதுன்னு என் நகப்பாலிஷ எடுத்து ஸ்க்ரூ மேல வெச்சேன். நீங்கதான் முதல்ல திறந்தது."

பதினாலாம் தேதி இறந்தார். பதினைந்தாம் தேதி முத்திரை வைத்தாள். முத்திரை கீறல் விழாமல் இருந்ததை நானே பார்த்தேன். நானே சுரண்டினேன்.

உள்ளே எழுதியிருந்த தேதி பதினாறு.

அவளிடம் சொல்லவில்லை, காட்டிவிடலாம் என்று ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். தகட்டை எடுத்தேன். டார்ச் அடித்தேன். அவள் குனிந்து படித்தாள். 'வடிகால் போட்டிருக்கிறது. கழற்ற வேண்டாம்.' அப்பாவின் எழுத்து என்று மட்டும் சொன்னாள். தேதியைப் படித்தாள். விரலால் அதன் மேல் தடவினாள்.

பிறகு, "கீழ இன்னொண்ணு இருக்கே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அது இல்லை. திங்கட்கிழமை மூடும்போதும் இல்லை. சத்தியமாக இல்லை.

அதே சாய்ந்த எழுத்து. பென்சில் கரி இன்னும் பளபளத்தது. தேதி, போன ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் நேரம் கூட இருந்தது. 2:38.

'இடது கைக்கு லீவு.'

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், ஆம்ப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் அப்பாவுக்கு எப்போதும் இடது கை பாக்கெட்டில்தான் இருக்குமாம். இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் பார்ட்ஸ் கடைக்குப் போய் வந்தாராம்.

"அங்க யாரோ ஒருத்தர், இடது கைக்கு லீவான்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். வீட்டுல வந்து சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அன்னிக்கு சாப்பிடல."

டார்ச்சை அணைத்தேன்.

"மறுநாள் வேலைக்கு உட்காரும்போது, பாக்கெட்லேருந்து கைய எடுத்து எங்கிட்ட காமிச்சார். 'இன்னிக்கு இதுக்கு லீவு இல்ல'ன்னார்."

வலது கையால் மட்டும் பின் தகட்டை எடுத்து வைத்தேன்.

அவள் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் நான் நிற்கிற நிலையைக் கவனித்தாள் போலிருக்கிறது. என் பாக்கெட்டையே பார்த்தாள்.

"நீங்க அந்தக் கடைக்கெல்லாம் போவீங்கல்ல சார்? அப்படிச் சொன்னது யாருன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

ஊரெல்லாம் அளந்த வாய் இது. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியாது" என்றேன்.

பாக்கெட்டுக்குள் என் இடது கையை, காய்ந்த விரல்கள் மெல்ல ஒரு முறை அழுத்தின.